கையுறைக்குள் திருநீறு

முட்டாள்களில் பல வகை உண்டு. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிற வகை நான். ஒன்பது வயதிலேயே அதில் தேறிவிட்டேன். அக்காவின் சாஃப்ட்பால் வாழ்க்கை ஒன்றரை ஆட்டத்தோடு முடிந்ததற்கு நானே காரணம்.

மலேசியாவில் கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் தொங்கிய லோரி டயரின் ஓட்டைக்குள் பந்தை வீசி வீசியே கை தேறியவள் அக்கா. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை, தன் பெண்கள் அணிக்குப் பந்து வீசவென்றே அவளை மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்துக்கொண்டது. கோப்பையை வென்றால் வேலை நிரந்தரம். அப்புறம் அம்மா வெயிலில் உதிரிப் பழம் பொறுக்க வேண்டியதில்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்தாயிற்று. அடுத்தது இறுதியாட்டம்.

அப்பா இரவல் வாங்கிய வேனில் போனோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு முறை மூத்திரத்துக்குப் போனேன்; வந்தது ஒருமுறைதான்.

"டேய், ஒரு எடத்துல உக்காரு லா. எறும்பு புகுந்துருச்சா?" என்றார் அப்பா.

பாதி ஆட்டத்தில் எதிரணி அக்காவின் பந்துகளை விளாசத் தொடங்கியது. இடைவேளையில் அவள் கையுறையைப் பலகையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பரீட்சை நாட்களில் அம்மா என் பென்சில் பெட்டிக்குள் கோயில் திருநீறு தூவி அனுப்புவார். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண் அந்த நேரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அம்மாவின் பையிலிருந்த பொட்டலத்தை அப்படியே கையுறைக்குள் கொட்டி, அழுத்தித் தேய்த்தேன்.

அக்கா மறுபடி வீசிய முதல் பந்து புகை கக்கிக்கொண்டு போனது. அடிக்க நின்றவள் இருமினாள். நடுவர் ஓடிவந்து கையுறையைக் கவிழ்த்தார். பந்தில் பொடி தடவி ஏமாற்றினால் வீசுகிறவளை வெளியேற்றிவிடுவார்கள்.

யார் வேலை இது என்று மலாயில் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் அப்பா நின்றிருந்தார், அவர் பெல்ட்டும்தான்.

"நான்தான்" என்றாள் அக்கா.

அணி தோற்றது. மூன்று மாதம் முடிந்ததும் வேலையும் போனது. அம்மா மேலும் ஆறு வருடம் பழம் பொறுக்கினார். நானோ, அக்காவும் தன் பங்குக்குக் கொஞ்சம் போட்டிருப்பாள் போல என்று எண்ணி, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

போன தீபாவளிக்கு அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்: "அக்கா, அன்னிக்கி அந்தத் திருநீற நான்தான் கொட்டினேன்."

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"தெரியும், ஒன் ட்ரவுசர் பின்னாடி பத்து வெரலும் வெள்ளையா பதிஞ்சிருந்துச்சிடா."