நடுவில் நிற்காத வண்டி

அத்தான் எந்த நாற்காலியிலும் நேராகப் போய் உட்கார மாட்டார். முதலில் உள்ளங்கையை விரித்து அதன் நடுவில் வைத்து ஓர் அழுத்து. பிறகு முதுகுப் பக்கத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஓர் ஆட்டு. நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று குனிந்து ஒரு பார்வை. இரண்டு மூச்சு விடும் நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடும். அதன் பிறகும் முதலில் பாதி எடையைத்தான் கொடுப்பார். நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை என்றால் மீதியையும் கொடுப்பார். அக்காவைக் கேட்டு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் இதே கதைதான். வீட்டிலிருந்த ஆறு நாற்காலிகளில் இரண்டு தேறவில்லை. பெண்ணைப் பார்க்க வந்தவர் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார் என்று அம்மா பல வருடம் சொல்லிச் சிரித்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் நாற்பது கட்டடங்களில் மேலும் கீழும் போகிறவர்கள் அவரை நம்பித்தான் போகிறார்கள். ஆனால் அவர் முகம் அவர்களில் யாருக்கும் தெரியாது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஒரு பல்பு, கிரீஸ் படிந்த கயிறுகள், சிமெண்டுச் சுவர்கள். இருபது வருடம் அப்படி. இரண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்தவர் அல்ல. அதனால்தான் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் சொன்னது எங்கள் எல்லாரையும் தூக்கிவாரிப் போட்டது.

சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் எடுக்கப் போகிறாராம். மூன்று மாதம். அவர்கள் மகள் குட்டியின் பள்ளி விடுமுறையும் அதில் வருகிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, கூரைமேல் கூடாரம் போட்டு, மலைகளைத் தாண்டி, உப்புப் பரப்பைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கடல்வரை போவதாம். வழியிலேயே சமைப்பது, வழியிலேயே தூங்குவது.

"இருபது வருஷமா மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். ஒரு தடவை குறுக்கே போய்ப் பாக்கணும்" என்றார்.

அப்பாவின் கையிலிருந்த டம்ளர் வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றுவிட்டது. வீட்டுக்குக் கூரை இருக்கும்போது கூரைக்கு மேல் எதற்குத் தூக்கம் என்று அம்மா கேட்டாள். குட்டி மட்டும் சாப்பாட்டை விட்டெழுந்து தன் பையை எடுத்து வரப் போய்விட்டாள். அவளுக்கு எட்டு வயது. இன்றைக்கே கிளம்புவதாக நினைத்துக்கொண்டாள்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. காலாவதித் தேதி பார்த்துப் பார்த்தே கண் கூர்மையானவள். முப்பது வருடம் பழைய மாத்திரையை யாராவது தின்பார்களா, வண்டி மட்டும் எதற்குப் பழசு என்று முதலில் ஒரு குத்து குத்தினாள். அத்தான் அதற்குத் தயாராக இருந்தார்.

"புதுசு நின்னா, ஏன் நின்னுதுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும். பழசு நின்னா எனக்கும் தெரியும்."

புது எஸ்யூவிகளில் எல்லாமே கம்ப்யூட்டர், பாலைவனத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் அதைக் கும்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று விளக்கினார். பழைய டீசல் எஞ்சினுக்கு எண்ணெய், காற்று, கொஞ்சம் பொறுமை போதும். உதிரிச் சாமான் சந்துக் கடையிலும் கிடைக்கும்.

அக்கா தட்டை ஓரமாகத் தள்ளினாள். குரலை உயர்த்தவில்லை. "வர்றேன். ஆனா நடுவழியில நின்னு, உங்களால எங்களை வெளிய கொண்டுவர முடியலைன்னா, நானும் குட்டியும் கிடைக்கிற வண்டியில ஏறித் திரும்பி வந்துடுவோம். அப்புறம் உங்ககூட எங்கேயும் வர மாட்டேன். கூப்பிடவும் கூடாது."

இது விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து நான் சிரிக்கப் பார்த்தேன். அத்தான் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி தலையை ஒருமுறை கீழே இறக்கினார். அதுதான் எனக்கு வியப்பு. பழைய வண்டி என்றால் எங்காவது நிற்காமலா இருக்கும்? இப்படியொரு நிபந்தனையை யாராவது வாய்பேசாமல் ஒப்புக்கொள்வார்களா?

வண்டி தேட என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காரணம் கேட்டேன். "நீ பேச மாட்டே. சும்மா பாத்துக்கிட்டே நிப்பே. விக்கிறவனுக்கு வயித்தக் கலக்கும்" என்றார். என் கூச்சத்துக்கும் ஒரு பயன் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

முதல் வண்டி ஒரு வியாபாரியுடையது. வெள்ளை நிறம், கூரையில் மடித்த கூடாரம், பின்னால் ஏணி, முன்னால், சேற்றில் சிக்கினால் இழுத்துக்கொள்ளக் கயிறு சுற்றிய உருளை. கடலுக்கே கூட்டிப் போய்க் காலை நனைத்துவிடும் போலிருந்தது. அத்தான் எதையும் பார்க்கவில்லை. நேராகப் போய் எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். காலை எட்டு மணி. கை வைத்த இடம் சுட்டது. யாரோ முன்னாடியே எழுப்பி முகம் கழுவி விட்டிருக்கிறார்கள் என்று என் காதில் மட்டும் சொன்னார். மறுநாள் விடிந்ததும், எஞ்சினை யாரும் சூடாக்கும் முன், சொல்லாமல் போய் நின்றோம். வியாபாரிக்குச் சாவியைத் திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. வண்டி இருமியது, குலுங்கியது, பிறகு ஒரு நீலப் புகையை விட்டது. அந்தப் புகை எதிர்க் கடையின் பெயர்ப்பலகையை மறைத்துவிட்டது. நேற்று அவ்வளவு மினுக்கிய வண்டியா இது என்று நினைத்து நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டாவது, பல் டாக்டர் ஒருவரின் பச்சை வண்டி. முப்பது வயது. இரண்டு உருண்டை விளக்குகள், பெட்டி மாதிரி உடம்பு. கதவைச் சாத்தினால் வரும் சத்தத்துக்காகவே இரண்டு முறை சாத்தலாம். விடிகாலைக் குளிரில் ஒரே சுற்றில் எழுந்தது. புகையில்லை, கசிவில்லை. டாக்டர் நல்ல மனிதர். விடுமுறை தோறும் தம் இரண்டு பெண்களை அதில் மலைக்குக் கூட்டிப் போனவர். பெண்கள் வளர்ந்துவிட்டார்கள், இனி வர மாட்டார்களாம். அதனால் விற்கிறார்.

அத்தான் அந்த வண்டியிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டார். நான்கு மாதத்தில் ஏழு முறை போய்ப் பார்த்தார். வாங்குவதற்கு முன்பே அதற்கு மெழுகு போட்டுத் துடைத்துவிட்டு வந்தார். அவர் செல்பேசியின் முகப்பில் குட்டியின் படம் போய்ப் பச்சை வண்டி வந்தது. எனக்கு ஒரு அண்ணன் வரப் போறான், பச்சையா இருப்பான் என்று குட்டி பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முடிவு செய்யும் நாளில் அக்காவையும் கூட்டிப் போனோம். டாக்டரின் மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வண்டி நின்றது. உள்ளே போனதும் அத்தான் பையிலிருந்து நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"அடியில படுத்து, சேஸிஸ நீளத்துக்கும் தட்டு. சந்தேகமா இருக்கிற இடத்துல குத்து."

சேஸிஸ் என்பது வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரட்டை இரும்புச் சட்டம். மற்ற எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

"நானா?" என்றாள் அக்கா.

"எங்க வேலைல ஒரு ரூல் இருக்கு. ரிப்பேர் பண்ணவன் டெஸ்ட் பண்ணக் கூடாது. வேற ஆள்தான் பண்ணணும். இந்த வண்டிய நாலு மாசமா மனசுக்குள்ள நானே ரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன். என் கை மெதுவாத்தான் குத்தும்."

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அடியில் போய்விட்டாள். வெளியே அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. டங், டங், டங். முன்சக்கரத்திலிருந்து பின்னோக்கி ஒரே மணி அடித்துக்கொண்டு வந்தது. தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு போன வருடம்தான் புதிதாகப் போட்டது என்று டாக்டர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை சட்டத்தில் வந்து சேருமிடத்தில் மணி நின்றது. அங்கே எழுந்தது தலையணையைத் தட்டிய சத்தம்.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிவரை இரும்புக்குள் போயிருந்தது. அக்கா கையை எடுத்துவிட்டாள். அது அப்படியே தொங்கியது. கறுப்புப் பூச்சுக்கு உள்ளே இரும்பென்று ஒன்று இல்லை. சிவப்பு மாவு, ஏடு ஏடாக, அவள் நெற்றியிலும் இமையிலும் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடக்கூட இல்லை.

டாக்டர் மண்டியிட்டுப் பார்த்தார். தம் விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். எத்தனை ஆயிரம் வாய்க்குள் போன விரல். "கடைசியா மலைக்குப் போனப்ப பெரிய கணவாய் வழியா வந்தோம். பொண்ணுங்க ரெண்டு பேரும் பின் சீட்டுல தூங்கிட்டு வந்தாங்க" என்றார். திரும்பவும், "தூங்கிட்டு வந்தாங்க" என்றார்.

அத்தான் மூலையில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து அவரைப் பிடித்து உட்கார வைத்தார். அதை அழுத்திப் பார்க்கவில்லை. அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அக்கா அடியிலிருந்து வந்தாள். முடிந்தது கதை, மூன்று மாதமும் மலையும் கடலும் அந்த ஓட்டைக்குள் போய்விட்டன என்றுதான் நான் நினைத்தேன். அத்தானும் அதையே நினைத்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் தன் கைப்பையில் போட்டாள்.

"அடுத்த வண்டி எங்க இருக்கு?"

எனக்கு ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனதைவிட இது பெரிய அதிர்ச்சி. டாக்டர் அந்த வண்டியை யாருக்கும் விற்கவில்லை. மறுவாரமே உடைக்கக் கொடுத்துவிட்டு, ரசீதை அத்தானுக்குப் படமெடுத்து அனுப்பினார். அத்தான் அதை யாரிடமும் காட்டாமல் செல்பேசி முகப்பில் குட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

மூன்றாவது வண்டி ஏலக் கிடங்கில் கிடைத்தது. நில அளவைத் துறையில் இருபத்தெட்டு வருடம் உழைத்துக் கழிக்கப்பட்டது. அழுக்கு மஞ்சள். இடதுபக்கக் கதவில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு நசுங்கல், பின் இருக்கை இல்லை, கண்ணாடியை இறக்கக் கையால் சுற்ற வேண்டும். ஊரில் இதைவிட அசிங்கமான வண்டி இருந்தால் பார்க்கிறேன் என்றாள் அம்மா. அக்கா கைப்பையைத் திறந்தாள். அறுபது எழுபது இடத்தில் குத்தினாள். எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் மூடியைக் கழற்றி உள்ளிருந்து புகை வீசுகிறதா என்று கையைக் காட்டினாள். பத்து முறை நிறுத்தி, பத்து முறை கிளப்பச் சொன்னாள். கிடங்குக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வண்டி பாக்கறீங்களா மாப்பிள்ளை பாக்கறீங்களாம்மா என்று கேட்டார்.

"மாப்பிள்ளைய இவ்வளவு பாக்கல. அதான் இப்பப் பாக்குறேன்" என்றாள் அக்கா.

அத்தான் தூரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் அந்த வண்டியைத் தொடவே இல்லை.

குட்டிக்கு ஒரு பின் இருக்கை, கூடாரம், தண்ணீர்த் தொட்டி, இரண்டு உபரிச் சக்கரங்கள், பெல்ட், வடிகட்டி என்று கட்டி ஏற்றிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை கிளம்பினார்கள். இருபத்து மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள். காற்று இரைச்சல்.

"நின்னுடுச்சு" என்றாள்.

திரும்பி வருகிறாள், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"உப்புப் பரப்புக்கு நடுவுல. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. எஞ்சின் பெல்ட் அறுந்துடுச்சு. நான்தான் மாத்தினேன், அரை மணி நேரம். அவர் டெஸ்ட் பண்ணார். இப்பப் போயிட்டிருக்கோம். அம்மாகிட்ட சொல்லாத."

அதற்கடுத்த வாரம் இன்னொரு செய்தி: விடுப்பை ஒரு மாதம் நீட்டிக்க வேண்டும், அனுப்பியிருக்கும் கடிதத்தை அவர் அலுவலகத்தில் சேர்த்துவிடு. அந்தக் கடல் போதவில்லையாம், அக்காவுக்கு.

லிஃப்ட் கம்பெனி அலுவலகம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அத்தானோடு பதினைந்து வருடம் வேலை செய்தவர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். ஆள் நல்ல உயரம், எல்லாரும் அவரை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட் கதையைச் சொன்னேன். உங்கள் வேலையின் விதி அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டது என்றேன். வழக்கமாக நான் இவ்வளவு பேசுகிறவன் அல்ல.

ஏணி நிமிர்ந்து பார்த்தார். எந்த விதி என்று கேட்டார். சொன்னேன்.

அப்படியொரு விதி அந்தக் கம்பெனியில் கிடையாதாம். ரிப்பேர் செய்தவரே சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். அத்தான் ஒருவர்தான் ஒவ்வொரு முறையும் இன்னொருவரைக் கெஞ்சிக் கூட்டிப் போகிறார். ஒன்பது வருடமாக. அந்த ஆறாவது மாடி விஷயத்துக்குப் பிறகு.

எனக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் சொன்னார். அன்று காலை அத்தான் பழுதுபார்த்து, தாமே சோதித்து, கையெழுத்துப் போட்ட லிஃப்ட் மதியம் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. கதவைத் திறக்க நாலரை மணி நேரம். உள்ளே ஒரே ஒரு ஆள், அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் அக்கா. குட்டி அப்போது ஏழு மாதம், வயிற்றில்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான். வழியில் பஸ் நின்றுவிட்டது என்று அவள் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் அவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லையாம். எதிரே நின்ற அத்தானைப் பார்த்து, இதை யார் டெஸ்ட் பண்ணது என்று மட்டும் கேட்டாளாம். நான்தான் என்றாராம் அவர்.