வாய்க்காலுக்கு விட்ட இடம்: சிங்கப்பூரில் தங்கையோடு நான்கு நாள்

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பாதி உண்மை. தங்கை கலாவிடம் ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டியிருந்தது. போனில் மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

கும்பகோணத்தில் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கிக் கொடுப்பது என் தொழில். கலா, சிங்கப்பூரில் மழைநீர் வடிகால்களை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். அங்கே போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. விவாகரத்துக்குப் பிறகு, ஊரில் தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்றாள். மனையைத் தேடி, பத்திரம் பார்த்து, முன்னால் நின்று வாங்கிக் கொடுத்தவன் நான். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை, பட்டா சரியாக இருந்தது. வீட்டுக்கு வரைபடம் போட உட்கார்ந்த அன்றுதான், புல வரைபடத்தில் கிழக்கு எல்லையை ஒட்டிப் போகும் இரட்டைக் கோட்டை உற்றுப் பார்த்தேன். நேரில் அது மண் மூடிய வண்டிப்பாதை. ஆவணத்தில் அது வாய்க்கால் புறம்போக்கு. வாய்க்கால் கரையிலிருந்து விதி கேட்கும் இடைவெளியை விட்டால், மனையில் பாதிக்கு மேல் கட்ட முடியாது. ஊருக்கெல்லாம் இதைப் பார்த்துச் சொல்கிறவன், சொந்தத் தங்கைக்குப் பார்க்கத் தவறிவிட்டேன்.

நவம்பர் முதல் வாரம், வியாழக்கிழமை காலை திருச்சியிலிருந்து விமானம். போக வர இருபத்திரண்டாயிரம் ரூபாய். நாலேகால் மணி நேரப் பயணம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். கலா, சுவா சூ காங் என்ற பகுதியில் வாடகை அறையில் இருப்பதால், எனக்கு லிட்டில் இந்தியாவில் சின்ன விடுதி ஒன்று பிடித்திருந்தாள். ஓர் இரவுக்கு 95 வெள்ளி; சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து டாக்சி 27 வெள்ளி, இருபத்தைந்து நிமிடம். ரயிலில் வந்தால் செலவு மிகவும் குறைவு. எனக்குப் பெட்டி கனம், மனசும் கனம்.

ஓட்டுநர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். வடிகால் வடிவமைப்பு என்றேன்.

"ஓ, லோங்காங்கா! நல்ல வேலை லா. அவங்க ஒழுங்கா செஞ்சா யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ரோட்டுல தண்ணி நின்னா மட்டும் எல்லாரும் கம்ப்ளெயின் பண்ணுவாங்க."

சாக்கடைக்கு அங்கே அதுதான் பெயராம். என் தங்கையின் வேலையை இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கலா விடுப்பு எடுத்துக்கொண்டு எட்டரைக்கு வந்தாள். தோசையும் காபியும் இருவருக்கும் 13 வெள்ளி. அங்கிருந்து ரோச்சோர் கால்வாய்க்குப் பத்து நிமிட நடை. வழியில் அவள் கோயிலையும் நகைக்கடையையும் காட்டவில்லை, தரையைத்தான் காட்டினாள். ஒரு புதிய கட்டடத்தின் முன்னே நின்று, "ரோட்டை விட எவ்வளவு உசரம் பாரு. மேடை மட்டம்னு சொல்லுவோம். இதுக்குக் கீழ தரை போட்டா பிளானே பாஸ் ஆகாது" என்றாள். சுற்றுலா வந்தவர்கள் வண்ண வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒரு படிக்கட்டின் உயரத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தோம்.

கால்வாய் ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டையைக் காட்டினாள். "இந்த மாதிரி ஓரம் வடிகாலுக்குன்னே ஒதுக்குன நிலம். சுத்தம் பண்ண, நாளைக்கு அகலப்படுத்த. நெலத்துக்கு இவ்வளவு பஞ்சம் உள்ள ஊரு. இருந்தாலும் இதுல கட்ட விடமாட்டாங்க."

"நம்ம ஊர்ல இதுதான் வாய்க்கால் புறம்போக்கு" என்று சொன்னேன்.

"சின்ன வயசுல புறம்போக்குன்னா திட்டுற வார்த்தைன்னு நெனச்சோம் இல்லண்ணே?" என்று சிரித்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. இளநீர் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பீஷான் பூங்கா. லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, சிராங்கூனில் மாறி, பீஷானில் இறங்கினால் இருபத்தைந்து நிமிடம். பிறகு பதினைந்து நிமிடம் நடை. பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. முன்பு நேரான சிமென்ட் கால்வாயாக இருந்த ஆற்றை, வளைந்து நெளிந்து ஓடவிட்டிருக்கிறார்கள். கரையில் பிள்ளைகள் மீன் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. எச்சரிக்கை மணி ஒலித்தது, கம்பங்களில் விளக்கு மின்னியது. யாரும் பதறவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள். நாங்களும் கூரை போட்ட மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சற்று முன் நாங்கள் உட்கார்ந்திருந்த கற்களின் மேல் தண்ணீர் ஏறியது. பிறகு புல்தரையும் ஆறாகிவிட்டது.

"இந்தப் புல்லும் ஆத்தோட இடம்தான். மழை இல்லாதப்ப நமக்குக் குடுத்திருக்கு" என்று, தன் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவள் போலச் சொன்னாள்.

இனியும் தள்ளிப்போட முடியவில்லை. "கலா, ஒம் மனைய ஒட்டி வாய்க்கால் இருக்கு."

"எந்த மனை?"

"நான் பாத்து வாங்குனதுதான்."

போனில் புல வரைபடத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் பொறியாளராகப் பார்த்தாள், அது எனக்குத் தெரிந்தது. பிறகு முகம் மாறியது.

"நீ இதப் பாக்கலியா?"

"வண்டிப்பாதைன்னு நெனச்சுட்டேன்மா."

"நீ பாப்பேன்னுதானே அண்ணே நான் பாக்காம விட்டேன்."

மழை நாற்பது நிமிடம் பெய்தது. ரயில் நிலையம் வரை ஒரே குடையில்தான் நடந்தோம். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள், ஆனால் ஒரு வார்த்தை இல்லை. "எனக்கு இந்த லைன்" என்று சொல்லிவிட்டுச் சுவா சூ காங் போகும் ரயிலுக்கு இறங்கிப் போனாள்.

ஞாயிறு காலை போன் வரவில்லை. விடுதிக்கு வெளியே, வார விடுமுறைக்கு வந்த நம்மூர்த் தொழிலாளர்களால் தெரு நிரம்பிக்கொண்டிருந்தது. காசிருந்தும் எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. பதினொன்றரைக்குக் கலா வந்தாள். கையில் சுருட்டிய தாள். சாப்பாட்டுக் கடையில் வாழையிலையை ஒதுக்கி வைத்துவிட்டு அதை விரித்தாள்.

சாலைப் பக்கம் ஒட்டி, ஒடுக்கமாக ஒரு வீடு. முன்பு அவள் கேட்டிருந்த மூன்று அறை இரண்டாகியிருந்தது. தரை, சாலையை விட இரண்டரை அடி உயரம். கிழக்கே முழுக்கத் திறந்த வெளி. அதன் ஓரத்தில் அந்த இரட்டைக் கோட்டை நீலத்தில் வரைந்திருந்தாள்.

"வேணாம் கலா. அத வித்துட்டு, நான் வேற எடம் பாத்துத் தர்றேன்."

"இத இன்னொருத்தர் தலையில கட்டுறதா? வாய்க்கால மூடுனதுதான் தப்பு. தோண்டக் கேட்டு மனு எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்."

ஒதுக்கி வைத்திருந்த இலையை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். "கோவம் போயிருச்சா?"

"பாதி போயிருக்கு. மீதிய ஊருக்கு வந்து காட்டுறேன். இப்ப சாப்பிடு."

இரண்டு சாப்பாடு 19 வெள்ளி. நான்கு நாளில் நான் வயிறார உண்டது அதுதான். மனுவை அங்கேயே எழுதி முடித்து, அன்று மாலை விமானத்தில் திரும்பினேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: நவம்பரில் பிற்பகல் மழை அடிக்கடி வரும். வெளியே சுற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், குடை இல்லாமல் இறங்காதீர்கள். ஆற்றங்கரைப் பூங்காவில் எச்சரிக்கை மணி கேட்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் மேலே ஏறுங்கள். உள்ளூரில் மனை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லையையும் நடந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் நேரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அண்ணனே பார்த்திருந்தாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

மனு கொடுத்து நான்கு மாதம் கழித்து நில அளவையர் வந்து கல் நட்டார். அக்கம்பக்கத்து மனைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு சம்மதித்தார்கள். ஊராட்சியில் மண்ணை அள்ளி, சாலைக்கு அடியில் அடைத்திருந்த குழாயையும் திறந்துவிட்டார்கள். போன வாரம் நல்ல கோடை மழை. குடையோடு போய் நின்றேன். செம்மண் நிறத்தில், சருகுகளைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர் மெதுவாக வந்தது. உடனே வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி நின்று கலாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அலுவலகக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து எடுத்தாள். எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு. தண்ணி தெரியல."