தபால்காரரின் ஒற்றைக் கூப்பாடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நான். என் எழுத்து கோணல், ஞாபகம் அதைவிடக் கோணல். போன வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்பதே மறந்துவிட்டது. ஆனால் இது மறக்கவில்லை... மறந்தால் நல்லதுதான்.

கொஞ்ச நாளுக்கு முன் முத்திரை வாங்கத் தபால் கந்தோருக்குப் போனேன். நோர்வூட் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் இருக்கிறது. ஒரே அறை. போஸ்ட் மாஸ்டர் ஒரு சிங்களப் பெண், நோனா என்போம். நல்ல மாதிரி, கொஞ்சம் தமிழும் பேசுவார். அன்றைக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மே, உங்க லயத்துல ஆள் இருக்குதானே?"

இது என்ன கேள்வி? லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னேன்.

தபால்காரர் லயத்துக்குக் கீழே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். ஒரு பதிலும் வருவதில்லையாம், நாய் மட்டும் குரைக்கிறதாம். அதனால் கடிதங்கள் திரும்பிப் போகின்றன. கடிதம் போடுகிற ஆட்கள் ஏற்கெனவே குறைவு. வாங்கவும் ஆள் இல்லையென்றால் இந்தக் கந்தோரை மூடி, டவுன் கந்தோரோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சாம். கடைசியாக ஒன்று சொன்னார். பாக்கியம் என்ற பெயருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதமும் திரும்பிப் போய்விட்டது.

முத்திரை வாங்காமலே திரும்பினேன்.

பாக்கியம் என் பக்கத்து வீட்டுக்காரி, அடுத்த காம்பரா. ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணுக்கு ஒபரேசன் செய்யும் நாள் கடிதத்தில் வரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவளிடம் போன் கிடையாது. அந்தக் கடிதத்துக்காகவே வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கா கூப்பிட்டது கேட்கவில்லை?

ஓடி வந்து கேட்டேன்.

"கேட்டுச்சுக்கா. ஒருக்காத்தான் கேட்டுச்சு. இருக்கிற ஒரு கண்ணையும் அதுக்கிட்ட குடுக்கவா நான் பதில் சொல்லுவேன்?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பனிமூட்டத்துக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'ஏன்' என்று கேட்கக்கூடாது. மனுசன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றது... ஒரே தடவைதான் கூப்பிடும். பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடும்.

பழைய தபால்காரர் சவரிமுத்து அண்ணன் இதே தோட்டத்தில் பிறந்தவர். கீழே பாதை திரும்பும் முடக்கில் நின்று மூன்று தடவை கூப்பிடுவார். போன மழைக்காலத்தில் அவர் செத்துப்போனார். அதன் பிறகும் அதே முடக்கிலிருந்து குரல் வந்தால், அதுவும் ஒற்றைக் குரலாக வந்தால், வீட்டிலிருக்கும் கிழவிகள் நாங்கள் என்ன நினைப்போம்? கதவைச் சாத்தித் திருநீறு பூசிக்கொண்டோம்.

புதுத் தபால்காரர் மாத்தறைப் பக்கத்துக்காரர், பெயர் நிமல் என்று நோனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாய்களுக்குப் பயந்து மேலே ஏறுவதில்லையாம். நோனாவே கிளினிக்குக்குப் பேசி இன்னொரு கடிதம் அனுப்பச் சொன்னார். இதுவும் திரும்பினால் பாக்கியத்தின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்கள்.

நாய்களைக் கட்டிவிட்டு நானும் அவளோடு வாசலில் உட்கார்ந்தேன். ஒருநாள் மத்தியானம், எதிரே தேயிலை மரம் கூடத் தெரியாத பனி.

"பாக்கியம்..."

ஒரே தடவை. சவரிமுத்து அண்ணனின் குரல் மாதிரியே இருந்தது. பாக்கியம் என் வாயைப் பொத்தினாள்.

நான் சங்கக் கடையில்கூடச் சத்தமாகச் சாமான் கேட்காதவள். அவள் கையை விலக்கிவிட்டு, "இந்தா இருக்கா... வாறோம்" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முடக்கில் முதலில் ஆள் தெரியவில்லை. ஈர ரெயின்கோட்டின் கை ஒன்று கடிதத்தை நீட்டியது. நாங்கள் வாங்கியதும் அந்தக் கை சட்டென்று பின்னுக்குப் போனது. லயத்திலிருந்து மனுசக் குரல் கேட்பது இதுதான் முதல் தடவை என்றார் நிமல். செத்தவர்களுக்குத் தபால் கொண்டு வருகிறோமோ என்று அவர் வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாராம்.

அடுத்த வாரம் பாக்கியத்துக்கு ஒபரேசன்.

தபால் கந்தோரைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்கிறோம். சரி, கேட்போம். கூப்பிட்டால் பதில் சொல்வது யார் வேலை? இப்போது வாசலில் பெயரும் காம்பரா இலக்கமும் எழுதி வைத்திருக்கிறோம். நாயைக் கட்டுகிறோம். வரும் தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் பூப்படம் வேண்டாம், முத்திரை ஒட்டிக் கார்ட் போடுவோம் என்று பேசியிருக்கிறோம். நீங்களும் போடுங்களேன்.

லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன், ஒரு தடவை கூப்பிட்டாலும் பதில் சொல்லுங்கள் என்று. சொன்னவளே செய்யாவிட்டால் எப்படி? முந்தாநாள் மத்தியானம் முடக்கிலிருந்து என் பெயர் கேட்டது. ஒரே தடவை. "இந்தா வாறேன்" என்றேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அன்றைக்குப் போயா, பௌர்ணமி லீவு நாள். போயா நாளில் தபால் கொண்டு வருவார்களா, மாட்டார்களா? எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது கந்தோரில் விசாரித்து எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரமாக.