அண்ணி குறித்த நாள்

படகின் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மீனவர் அட்டை, இன்ஜின் வாங்கிய ரசீது, இன்சூரன்ஸ் தாள். போன மாதம் வரை அவற்றோடு ஒரு காலண்டர் தாளும் இருந்தது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுக்கிற மாதக் காலண்டரில் மே மாதத்தைக் கிழித்த தாள். முன்பக்கம் சில தேதிகளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். பின்பக்கம் அண்ணியின் கையெழுத்து. மேலே கொட்டை எழுத்தில் ‘எறங்குற நாள்’ என்று இருக்கும். அதன் கீழே மணி போட்டு வரி வரியாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எதையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்தத் தாளை மட்டும் பார்க்காமலே சொல்லுவேன். சொல்லும்போதெல்லாம் கோபம் வரும். ஏழு வருஷமாக வருகிறது. குறையவில்லை.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அரை டிராயர் போட்டிருந்தேன். அதன் பிறகு நான் தின்ற சோறெல்லாம் அண்ணி கையால் ஆக்கியது. அண்ணனுக்கு இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐந்து பேரும் ஒரே கூரை. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவு எங்கள் ஊர். காலையில் அண்ணி பறியை வாயில் கவ்விக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் குனிவார். கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார். பறி என்பது ஓலைக்கூடை. வெயில் ஏறினதும் வந்து ஆக்குவார். பிறகு நாங்கள் கொண்டுவந்ததைத் தரம் பிரிப்பார். சாயங்காலம் கரையில் உட்கார்ந்து இறால் உரிப்பார். இருட்டினதும் மறுபடி ஆக்குவார். அண்ணி உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் இறால் கூடைக்கு முன்னால்தான்.

சென்னைக்கு அந்தப் பக்கம் கடலோரச் சாலையில் ஒரு பெரிய தீம் பார்க் இருக்கிறது. உள்ளேயே தங்குவதற்கு அறையும் உண்டு. பெரியவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்ததும் அங்கே போகணும் என்று அண்ணிதான் ஆரம்பித்தார். இரண்டு நாள், ஒரு ராத்திரி. பெரியவள் செல்போனில் அறை போட்டாள். தேதி மாற்ற முடியாது என்று அதிலேயே போட்டிருந்தது. பெண்கள் இருவரும் ராட்டினத்தைப் பற்றியே பேசினார்கள். அண்ணி இரண்டாவது நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ச் சேருகிற முதல் நாளைத்தான் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதம் அதே வேலை. அஞ்சரைக்குப் படகு. கரையேறிப் பொன்னேரி பஸ். அங்கிருந்து ரயில். சின்னவளுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், அதனால் ஜன்னல் ஓரம் அவளுக்கு, கையில் எலுமிச்சம்பழம். வெளிச் சோற்றை உள்ளே விட மாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தார், அதனால் வாசலுக்கு முன்னாலேயே ஒரு மரம் பார்த்து உட்கார்ந்து புளிச்சோறு. துணியில் கருவாட்டு வாசனை ஏறக் கூடாது என்று புதுத்துணியைச் சோப்புக் கட்டியோடு கவரில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தார். போன அன்றைக்கே உள்ளே ஓடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

“எறங்குன அன்னிக்கு எறங்கணும். அவ்ளோதான். ஓடுறதெல்லாம் மறுநாளு” என்பார்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். “இன்னாடி, ராட்டினம் சுத்தறதுக்கா கல்யாணப் பட்டியலு? தண்ணியில கெடந்து ஊறறது பத்தலயா, காசு குடுத்து வேற தண்ணியில எறங்கணுமா?”

“அந்தத் தண்ணியில எறா இருக்காதுக்கா. அதுக்குத்தான் காசு” என்றார் அண்ணி.

சிவப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் மீன் விழுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. வீடுகளுக்கு முறை உண்டு. முறை வந்தால் அந்த வீட்டு ஆண்கள் போய்த்தான் ஆகணும். சொல்லாமல் நின்றுவிட்டால் அடுத்த சுற்றில் அந்த வீட்டுக்கு முறை கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் கோயில் வாசலில் ஆண்கள் கூடும்போது எழுந்து நின்று காரணம் சொன்னால் வேறு வீட்டோடு மாற்றிக்கொள்ளலாம். அண்ணி எங்கள் முறையைத் தாளில் எண்ணி எண்ணி வட்டம் போட்டார். வட்டம் விழாத இரண்டு நாளாகப் பார்த்து அறை போடச் சொன்னார். எண்ணியதில் பிசகில்லை. ஆனால் ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் வலை இறக்கக் கூடாது. அன்றைய முறை மறுநாளுக்குப் போகும். எல்லார் முறையும் ஒவ்வொரு நாள் தள்ளும். இது அண்ணிக்கும் தெரியும். ஆனால் எங்களில் யாரும் இரண்டு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்து நாள் எண்ணியதில்லை. நாளைக்கு யார் முறை என்று முந்தின நாள் சாயங்காலம் தெரிந்தால் போதும். தூர நாளுக்குத் திட்டம் போட்ட முதல் ஆள் அண்ணிதான். அதனால் அந்தப் பிசகும் அவருக்குத்தான் நடந்தது.

ஏப்ரலில் ஒரு பெரியவர் போனார். மே முதல் வாரத்தில் இன்னொருவர். இரண்டு சாவிலும் அண்ணி நின்றார். இரண்டாவது சாவு வீட்டில் ஊருக்கே டீ போட்டார். நான் குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டே மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. எங்கள் முறை வெள்ளிக்கிழமை விழுந்தது. அண்ணியின் எறங்குற நாளும் வெள்ளிக்கிழமை. எனக்கு எதிரே அண்ணன் நின்றான். அவனும் எண்ணியிருப்பான். அவன் முகத்தில் தெரிந்தது. அதன் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் ஒரே கூரையில் படுத்தோம், ஒரே தட்டில் தின்றோம். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேசாதவன் என்று ஊரில் எனக்கு நல்ல பேர். அந்தப் பேரைக் கொண்டுபோய் ஏரியில் போடணும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் கூடினோம். நாளைக்கு யார் முறை என்று வாசித்தார்கள். எங்கள் வீட்டுப் பேரும் வந்தது. மாற்ற வேண்டியவர்கள் உண்டா என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். ஒருவன் எழுந்து மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்றான். மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொருவன் மச்சான் வீட்டில் நிச்சயதார்த்தம் என்றான். அதற்கும் கொடுத்தார்கள். நான் அண்ணனை இடித்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்து வரும் வழியில்தான் வாயைத் திறந்தான்.

“பொண்டாட்டி ராட்டினம் சுத்தப் போறான்னு சபையில எழுந்து சொல்லச் சொல்றியா? அப்புறம் நான் இந்த ஊர்ல வேட்டி கட்ட முடியுமா?”

வீட்டுக்கு வந்தும் அவன் சொல்லவில்லை. அண்ணி எலுமிச்சம்பழங்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். “தம்பி, உன் சட்டைக்குப் பட்டன் தெச்சிட்டேன், போட்டுப் பாரு” என்றார். போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை விடிய அண்ணியும் பெண்களும் படகுத் துறையில் நின்றார்கள். அண்ணி பச்சைப் புடவை. தலையில் ஷாம்பு வாசனை. கருவாட்டு வாசனை துளியும் இல்லை. நானும் அண்ணனும் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதைப் பார்த்துத்தான் அண்ணிக்குத் தெரிந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை. இன்று வரை நினைத்தால் என் காது சுடுகிறது.

“இன்னாது இது?” என்றார்.

“நம்ம முறை” என்றான் அண்ணன்.

“முறை முந்தாநேத்து.”

“ரெண்டு சாவு விழுந்துதே. தள்ளிப்போச்சு.”

அண்ணி விரலை மடக்கி எண்ணினார். உதடு அசைந்தது. இரண்டு தடவை எண்ணினார். பிறகு கையை இறக்கிவிட்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“உனக்குந்தான் தெரியும்னு நெனச்சேன்” என்றான் அண்ணன். இதைவிட ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். “நீ வேணா பசங்கள இட்டுக்கினு போ.”

அண்ணி பொன்னேரியைத் தாண்டித் தனியாகப் போனவர் இல்லை. அது அவனுக்கும் தெரியும். அண்ணி என்னைப் பார்த்தார். வலை கட்ட இரண்டு ஆள் வேணும். அண்ணனோடு யாரையாவது கேட்டு அனுப்பிவிட்டு நான் அவர்களோடு ஏறியிருக்கலாம். துறையில் எத்தனையோ பேர் நின்றார்கள். கேட்டால் ஒருவன் வந்திருப்பான். நான் வலையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னவள், “நைனா, படகு போகுது” என்றாள். படகு போய்விட்டது. பெரியவள் அழவில்லை. காதில் போட்டிருந்த புதுத் தோட்டைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று வலையில் விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கை பொடி இறால். மீதி, பட்டால் அரிக்கிற சொறிமீனும் கேரி பேக்கும். வலையை உதறி உதறி எனக்குத் தோள் விட்டுப்போனது. வெயில் ஏறித் திரும்பும்போது ஏரியில் பெண்கள் குனிந்திருந்தார்கள். அவர்களில் அண்ணியும் இருந்தார். பழைய புடவை. வாயில் பறி. எங்கள் படகைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

மறுநாள் அந்தத் தாள் சோற்றுப் பானைக்கு அடியில் கிடந்தது. தரையில் கரி பிடிக்காமல் இருக்கப் போட்டிருந்தார். பானையைத் தூக்கி எடுத்தேன். வெளியே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதுவரை அதை நான் முழுசாகப் படித்ததில்லை. பன்னெண்டு மணி, மரத்தடியில் சோறு. ஒரு மணி, ரூமில் பை வைக்கிறது. ரெண்டு மணி, பசங்க தூங்கணும். நாலு மணி, டீ, அவங்களே கொண்டாந்து தருவாங்களாம். கடைசி வரி இது:

‘ஆறு மணி, நான் சும்மா உக்காருவேன். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.’

அதற்குத்தான் இரண்டு மாதம் திட்டம். ராட்டினத்துக்கு இல்லை, தண்ணீருக்கு இல்லை. பக்கத்தில் அடுப்பும் கூடையும் இல்லாத ஒரு ஆறு மணி. அதை வாங்கிக் கொடுக்க அண்ணன் ஒரு நிமிஷம் எழுந்து நின்றிருந்தால் போதும். நான் நின்றிருந்தாலும் போதும். ஆஸ்பத்திரிக்கு முறை மாற்றுவார்கள், நிச்சயதார்த்தத்துக்கு மாற்றுவார்கள். ஒரு பொம்பளை சும்மா உட்காருவதற்கு மாற்றுவார்களா என்று எந்தச் சபையிலும் எவனும் கேட்டதில்லை. ஆண்களுக்கு முறை உண்டு. முறை இல்லாத நாள் அதைவிட அதிகம் உண்டு. அந்த நாளில் நாங்கள் சீட்டு ஆடுவோம்.

அடுத்த வருஷம் போகலாம் என்றான் அண்ணன். அடுத்த வருஷம், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது, மீன் இல்லை என்றான். அதற்கடுத்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி கேட்கவும் இல்லை. பெரியவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் கூட வேலை செய்கிறவர்களோடு அதே பார்க்குக்குப் போய்ப் போட்டோ அனுப்பினாள். என் போனில்தான் வந்தது. அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். “அங்க டீ கொண்டாந்து குடுத்தாங்களான்னு கேளு” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

போன மாதம் நான் கோயில் வாசலில் எழுந்தேன். அடுத்த மாதம் இருபத்தி மூணு, இருபத்தி நாலு ரெண்டு நாளில் எங்கள் முறை எது விழுந்தாலும் பக்கத்து வீடு எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

“இன்னா விசயம்? உனக்குப் பொண்ணு பாத்துட்டாங்களா?” என்றான் ஒருவன்.

“எங்க அண்ணி பார்க்குக்குப் போகுது. அங்க போய்ச் சும்மா உக்காரும்.”

சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தால் தனியாகத் தெரிய மாட்டோம் என்று நினைத்திருப்பான். நான் உட்காரவில்லை. “எழுதுங்க, உக்கார்றேன்” என்றேன். சிரிப்பு நின்றது. ஊர்ப் பெரியவர் தேதியை இன்னொரு தடவை கேட்டார். பிறகு எழுதச் சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதற்கு ஆகியிருக்கும் நேரம் இவ்வளவுதான். அதை நினைத்தபோதுதான் சிரித்தவர்கள் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் என் மேல் வந்தது.

நேரே கரைக்குப் போனேன். அண்ணி கூடைக்கு முன்னால் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் வெடிப்பு. தேதியைச் சொன்னேன். முறை மாற்றியதைச் சொன்னேன். நிமிரவில்லை.

“எத்தினி மணிக்கு எறங்குவோம்?” என்றார்.

படகில் இருந்த கவரை எடுத்து வந்து தாளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பாதியில் அண்ணியின் கை நின்றது. அந்தத் தாளை நான் வைத்திருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. கடைசி வரிக்கு முன்னால் நான் நிறுத்திவிட்டேன்.

“அதையும் படி.”

படித்தேன். அண்ணி இன்னொரு இறாலை எடுத்தார்.

“அதுக்குள்ள ஊர்ல யாராச்சும் செத்தா?”

சாவு விழுந்தால் வீட்டோடு நிற்கணும், ஊரைத் தாண்டக் கூடாது. அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். ஊருக்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொன்னவன் இல்லை.

“செத்தா அவங்க பொதைப்பாங்க. நாம படகுல ஏறிடுவோம்” என்றேன்.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். தாளை வாங்கி முன்பக்கம் திருப்பினார். சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிக் கடைசி வரியைப் பார்த்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை. கையிலிருந்த இறாலை உரிக்காமல் கூடையில் திரும்பப் போட்டார்.