கோலுக்குள் நிற்கும் பிள்ளைக்கு ஒரு கழகம்

இரண்டு கழகங்களின் ஆட்டக்காரர் தெரிவுகளும் ஒரே சனிக்கிழமை காலையில் வந்து விழுந்தன. இரு தரப்பும் ஒரு முறை தொலைபேசியில் பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம். ஆனால் ஒரு பேச்சில் தவிர்க்கக்கூடிய காரியங்களை யாரும் தவிர்ப்பதில்லை. ஆசிரியர் இடமாற்றங்களைக் கையாண்டே ஓய்வுபெற்ற எனக்கு இது நன்றாகத் தெரியும்.

தெரிவுக்குப் போக இருந்தவள் என் மகளின் மகள். பதின்மூன்று வயது, கோல் காப்பாளர். பள்ளிக்கூட அணியில் நின்றவளுக்கு இப்போது மாவட்டப் போட்டிகளில் ஆடும் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில் சேர ஆசை. ஒரு கழகத்தில் பதிந்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க அங்கேதான். விலகல் கடிதம் இல்லாமல் இன்னொன்றுக்கு மாற முடியாது. பிழையான இடத்தில் போய் விழுந்தால் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்தே ஒரு வருடம் கழியும். விளையாட்டை விட்டுவிடுவதற்கு அந்த வயதில் அது போதும்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. போன வருடம் ஒரு போட்டியில் மெதுவாக உருண்டு வந்த பந்து அவளுடைய கால்களுக்கு இடையால் உள்ளே போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவள் கையுறைகளைக் கழுவிக் கொடியில் போட்டாள், பிறகு பல நாள் அவற்றை எடுக்கவே இல்லை. பஸ்ஸில் இறங்குமிடத்தைச் சொல்லவே கூச்சப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிற பிள்ளை. இன்னொரு சிரிப்பைத் தாங்குவாளா என்பதுதான் என் கேள்வி. எந்தக் கழகத்தின் அறிவித்தலிலும் அதற்குப் பதில் இல்லை.

ஆகவே நேரில் பார்க்கப் போனேன். முதலாவது டவுண் கழகம். வாவிக்கரையோரம் புல் மைதானம், கிழியாத வலை, சீருடை, எல்லாம் ஒழுங்கு. பயிற்றுநரின் குரல் மட்டும் அக்கரைக்குக் கேட்கும். பந்தைத் தவறவிட்ட ஒரு பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “நீ கோலுக்க நிக்கிறியா, கலியாண வீட்டு வாசல்ல நிக்கிறியா? வாறதையெல்லாம் உள்ள விடுறாய்.” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகிடி நன்றாகத்தான் இருந்தது. நான் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது, வெல்லாவெளிப் பக்கம், வயல் வட்டைகளுக்கு நடுவே ஒரு மைதானம். பயிற்றுநர் சாதுவானவர், யாரையும் அதட்டவில்லை. அங்கே கோல் காப்பாளர் இடமும் காலியாக இருந்தது. மனதுக்குள் அங்கேயே அவளை நிறுத்திவிட்டேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. செயலாளரிடம் முதலுதவி, காப்புறுதி, பயிற்சி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வழி எல்லாம் விசாரித்தேன். கழக யாப்பு விதிகளின் பிரதி ஒன்றும் கேட்டேன். கடைசியாகப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது என்றும் கேட்டேன். அவர் தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, நீங்க பெட்டிசம் போடப் போறீங்களா?”

இல்லை, முறைப்பாடு எதுவும் எழுதமாட்டேன் என்று சொன்னேன். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் கையில் கோப்போடு வந்து இல்லை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஓம் என்றுதான் அர்த்தம். நான் களுதாவளையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே மகளுக்குச் செய்தி வந்துவிட்டது. அந்தச் செயலாளரின் மச்சான்தான் டவுண் கழகத்தில் பொருளாளராம். ஒரே பிற்பகலில் இரண்டு கழகங்களிலும் எனக்குப் பெட்டிசக்காரன் என்ற பெயர் கிடைத்திருந்தது.

“அப்பா, பிள்ளைக்குக் கிளப் பாத்திட்டு வாங்க எண்டா, கணக்கு ஓடிட் பண்ணிட்டு வந்திரிக்கிறீங்க” என்றாள் மகள்.

என் கேள்விகளுக்காகப் பிள்ளையைக் கழித்துவிடுவார்களோ என்ற பயமும் இப்போது சேர்ந்துகொண்டது. ஆனாலும் வெல்லாவெளிக்காக வாதாடினேன். மகள் இருட்டில் திரும்பும் வழியையும் அந்த வழியில் இறங்கும் யானைகளையும் சொன்னாள். ஓட்டோ பிடிக்கலாம் என்றேன். ஓட்டோவைப் பார்த்து யானை ஒதுங்குமா என்று கேட்டாள். வாதம் ஓய்ந்தபோதுதான் பிள்ளையிடம் இன்னும் கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது. கூப்பிட்டுக் கேட்டோம்.

“டவுண்” என்றாள்.

அந்தப் பயிற்றுநர் எப்படிப் பேசுவார் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சொல்லிவிட்டுக் கையுறைகளைத் தேடப் போனாள்.

சனிக்கிழமை மைதான வாசலில் இறங்கியதும், “அம்மப்பா, நீங்க வெளிய நில்லுங்க” என்றாள். நியாயமான கோரிக்கை. மதிலோரம் வாகை மர நிழலில் நின்றேன். என் காலத்தில் எந்த இடமாற்றத்துக்கும் ஒரு மேன்முறையீடு இருந்தது, அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. மதிலுக்கு உள்ளே ஒரு மனிதர் விசிலோடு நிற்கிறார், அவர் சொன்னால் சொன்னதுதான்.

விசில் கேட்டது, பந்து உதைபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூச்சல். கோல். பயிற்றுநரின் குரல் மதிலைத் தாண்டி வந்தது: “கீப்பர், பந்துக்குக் கதவு திறந்து விட்டியா?” சிரிப்பு எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது இன்னொரு குரல், கரகரத்து, அவருடையதைவிட உரத்து: “இடப்பக்கம் ஆர் நிக்கிற? அவள விட்டுட்டு எங்க போறாய்? பின்னுக்கு வா! பின்னுக்கு!”

இரண்டாவது பயிற்றுநராக்கும் என்று நினைத்தேன். அந்தக் குரல் ஓயவில்லை. கேற் கதவின் இடுக்கால் எட்டிப் பார்த்தேன். கோலுக்குள் நின்று கையை நீட்டி ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தது எங்கள் பிள்ளைதான். பயிற்றுநர் இடுப்பில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தவர்கள் அவள் காட்டிய இடங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். எடுக்கவுமில்லை, கழிக்கவுமில்லை. இரண்டு வாரம் பயிற்சிக்கு வரட்டும், பிறகு பார்ப்போம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியவன் நான். அதைப் பெறுகிற பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தப் பகிடி மனதுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

“அது என்ட பிழை இல்ல அம்மப்பா. இடப்பக்கம் நிண்டவள் முன்னுக்கு ஏறிப் போயிட்டாள். சொல்லாட்டி மறுகாவும் அதே பக்கத்தாலதான் வருவாங்க.” கத்திக் கத்தி அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது.

பஸ் ஏறியதும் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். இரண்டு வாரத்துக்குள் என்னென்ன பிழையாகிப்போகலாம் என்று யோசிக்க எனக்குக் களுதாவளை வரைக்கும் நேரம் இருந்தது.