இரண்டாவது உலை

பதினாலு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு இன்டர்வியூ கடிதத்தை எத்தனை முறை படிக்கலாம் என்று. அவள் படித்துப் படித்தே தாளை நைய வைத்துவிட்டாள். மாடிப்படியில் மறித்து, "என்ன, இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று விசாரிக்கிற எதிர்வீட்டம்மாவுக்கு வேறு வேலையே கிடையாது போல. அவளுக்கு வயசு நாற்பத்திரண்டு. இதுவும் கை நழுவினால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்கே தெரியும்.

வேலை ஒரு முதலீட்டு வங்கியில், மறுசீரமைப்புப் பிரிவில். பேர்தான் பெரிசு. கடனில் கழுத்துவரை மூழ்கிய கம்பெனியில் எதை மூடலாம், எதை விற்கலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற இடம். பழைய வங்கியில் பதினோரு வருஷம் அவள் செய்ததும் இதையேதான். கடைசியில் அந்த வங்கி தன்னையே சீரமைத்துக்கொண்டபோது அவள் மேசையும் போயிற்று. இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலை, கேள்விகளை அச்சடித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் வேலை விஷயமாக வெளியூரில். பின்னறையிலிருந்து அவன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"சுவரு என்னம்மா கேள்வி கேக்கப் போகுது? குடு, நான் கேக்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்? இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு."

"அங்க கார் வரிசையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இது தேவலாம். குடு."

ஆறு வருஷத்துக்கு முன்வரை அவர் ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் உலைக்குப் பொறுப்பாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். தொழிற்சாலை நொடித்தபோது இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்தார்கள். அது அவருடைய உலை. வேலையோடு கம்பெனி வீடும் போயிற்று. மனைவியை அதற்கு முன்பே இழந்தவர், பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தார். இப்போது ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறார்.

அந்த உலையை அணைக்கச் சொன்ன திட்டம் அவள் தயாரித்தது. ஆபீஸ் ரகசியம் என்று அன்றைக்கு வீட்டில் மூச்சு விடவில்லை. 'ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்து, பிறகு மறுபடி ஓட்டலாம்' என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். மாமாவைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று உண்மையாகவே நம்பினாள். கூப்பிடவில்லை. முதலாளிகள் வாக்குத் தவறிவிட்டார்கள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு, அதோடு அதை மூடி வைத்துவிட்டாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிய அதிகாரி போலத் தொண்டையைக் கனைத்தார். ஆறு கேள்வி நன்றாகவே போயிற்று. ஏழாவது: "நீங்கள் நேரடியாக வேலை செய்த ஒரு மறுசீரமைப்பை விவரமாகச் சொல்லுங்கள்."

உருப்படியாகச் சொல்ல அவளிடம் இருந்தது அந்த உலைத் திட்டம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அடியோடு மூடிப்போன கம்பெனிகள். பேர் சொல்லாமல் ஒப்பேற்றிவிடலாம் என்று ஆரம்பித்தாள். "அது ஒரு உற்பத்தி நிறுவனம். ரெண்டு உலை. ரெண்டையும் ஓட்டுற அளவுக்கு ஆர்டர் இல்ல. அதனால ஒண்ணை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி, ஆர்டர் வந்ததும் மறுபடி பத்த வைக்கறதா..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். மாமா தாளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். "நீயாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

கத்தியிருக்கலாம். தாளைக் கிழித்து முகத்தில் எறிந்திருக்கலாம். யார் தப்பென்று சொல்லப்போகிறார்கள்? மனுஷர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நல்லாத்தான் சொன்ன. ஆனா, மறுபடி பத்த வைப்போம்னு மட்டும் நாளைக்குச் சொல்லாத. விவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் உள்ள இருந்தான்னா சிரிச்சிடுவான்."

"ஏன் மாமா?"

"கண்ணாடி உலைய வீட்டு அடுப்பு மாதிரி அணைச்சு ஏத்த முடியாதும்மா. பத்த வெச்சா வருஷக்கணக்குல ராப்பகலா எரியணும். ஆற விட்டா உள்ள செங்கல்லெல்லாம் வெடிச்சிடும். மிச்சக் கண்ணாடிக் குழம்பு பாறையா இறுகிடும். இடிச்சுட்டுப் புதுசாத்தான் கட்டணும். அணைச்ச அன்னிக்கே எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்னு. மேல இருந்தவங்க ஒருத்தரும் வந்து கேக்கல."

ஆறு வருஷம் யார் மேலேயோ பழியைப் போட்டிருக்கிறாளே! அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்; அவர் இடம் கொடுக்கவில்லை. அவர் கண்ணாடியை மாட்டி, விரலால் வரியைத் தேடி, அடுத்த கேள்வியை வாசித்தார்.

"இன்று அதே வேலையைச் செய்தால், எதை மாற்றிச் செய்வீர்கள்?"

அவள் அழுதாள்.

"அழாத. பதில் சொல்லு. நாளைக்குக் கேப்பாங்கல்ல?" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

மறுநாள் பத்தாவது மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டில் தொழிற்சாலைக் கதையை, அந்த வரி இல்லாமல் சொன்னாள். நடுவில் இருந்த அம்மாள் விடவில்லை. "நிரந்தரமா எதுக்கு மூடணும்? ஒரு வருஷம் நிறுத்தி வெச்சிருக்கலாமே?"

அங்கேயும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் செங்கல் வெடிப்பதையும் குழம்பு இறுகுவதையும் மாமா சொன்னபடியே சொன்னாள். "இது எங்களுக்கும் அப்பத் தெரியாது. ஒரு வருஷம்னுதான் நாங்களும் திட்டம் போட்டோம்" என்றும் சொன்னாள். மூன்று பேரும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.

"இந்த அளவுக்கு இறங்கிப் பாக்கற ஆளைத்தான் தேடிட்டு இருக்கோம்" என்றாள் அந்த அம்மாள். "இதெல்லாம் எங்க தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"அந்த உலையில இருந்த ஒருத்தர்கிட்ட."

"அப்படியா! இப்ப அவர் என்ன பண்றார்?"

உண்மை வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கிடைக்கவேண்டிய வேலை மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தது.

"ரிட்டயர் ஆயிட்டாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமா மத்தியான ஷிப்டுக்குக் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு.

"கெடச்சிடுச்சா?"

"ம்."

"உலையப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க மாமா. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். அதுக்காகத்தான் எடுத்தாங்க."

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு சிரித்தார்; ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"பரவால்லயே! இருபத்தாறு வருஷ சர்வீஸ், யாருக்காவது ஒதவுச்சே. சொன்ன ஆள் யாருன்னு கேக்கலையா?"

"கேக்கல மாமா" என்றாள்.

அவர் கார் சீட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார்.