நேற்று இரவு இங்கே தூங்கியவர்கள்

எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க யார் வந்தாலும், கொஞ்ச நேரத்தில் என் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சொட்டு மருந்து, கொசு ஒழிப்பு, சுகர் டெஸ்ட், எதுவாக இருந்தாலும் சரி. ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லித்தான் அனுப்புவேன். உனக்கு வேற வேலையே இல்லையா என்று எதிர் வீட்டு அக்கா சிரிப்பார். வேலை இல்லாமல் என்ன, தலைக்கு மேல் கிடக்கிறது. இதை முடித்துவிட்டு அதைப் பார்ப்பேன்.

பிறவியிலேயே நான் இப்படிப்பட்ட தங்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். முதன்முதலாக என் வீட்டைத் தேடி வந்த சர்வே பெண்ணை நான் வாசலிலேயே வைத்து விரட்டப் பார்த்தேன். அவள் போகவில்லை. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. ஏழு மாத கர்ப்பம். என் கணவர் ஏசி மெக்கானிக். சென்னையில், சைதாப்பேட்டைப் பக்கம், ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். அதைக் கட்டுவதற்கு ஹவுஸ் ஓனர் அம்மா யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அதனால் யார் வந்து கேட்டாலும், மேலே யாரும் இல்லை, தண்ணீர் டேங்குதான் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நானும் அந்த ஊரில் இருப்பதாக என்னை நினைத்துக்கொண்டதே இல்லை. என் ஊர் மரக்காணம். ரேஷன் கார்டு அங்கே, ஓட்டு அங்கே, கர்ப்பத்தைப் பதிந்து வாங்கிய தாய் சேய் அட்டையும் அங்கே. சென்னைக்கு வந்து தங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. மரக்காணத்து நர்சம்மா போன் செய்தால், மெட்ராஸில் இருக்கிறேன் என்பேன். சரி, அங்கே காட்டிக்கொள்கிறாள் போல என்று அவர் விட்டுவிடுவார். சென்னையில் எங்கள் தெருவுக்கு வரும் நர்சிடம் ஹவுஸ் ஓனர் அம்மா, மேலே டேங்கு என்பார். ஆக, ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பிறகு என் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்த ஆள் ஒருவரும் கிடையாது.

இரண்டு வாரமாகக் கால் வீங்கியிருந்தது. அப்பாவிடம் போனில் சொன்னேன். அப்பாவுக்கு ஆயுசு முழுக்க உப்பளத்தில்தான் போனது. நானும் பள்ளிக்கூட லீவிலும், காலேஜ் முடித்த பிறகும் அவரோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரியவள்தான். உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காக நிற்கிற கால் வெடிக்கும், தடித்துப்போகும், வீங்கும். எங்கள் ஊரில் அதைக் கண்டு யாரும் பதற மாட்டார்கள்.

"உங்கம்மாவுக்கும் மாசமா இருக்கச்சொல்ல இப்டித்தான் வீங்கிச்சு. உப்பு குடிச்ச காலும்மா நம்முது. ஒண்ணும் ஆவாது, காலைத் தூக்கி வெச்சிப் படு" என்றார் அப்பா.

அந்தக் கர்ப்பத்தில்தான் என் அம்மா செத்துப்போனாள். எனக்கு அப்போது ஏழு வயது. ஜன்னி கண்டது என்றார்கள். கை கால் வெட்டி இழுத்தது. கூனிமேட்டு பாய் ஒருவர் மீன் ஏற்றுகிற வேனைக் காலி செய்து கொண்டுவந்து நிறுத்தினார். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பெரிய முதலியார்சாவடி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்த தம்பியும் போய்விட்டான். ஜன்னி என்பது காற்றைப் போல எங்கிருந்தோ வருவது, கால் வீக்கம் உப்பினால் வருவது என்று எங்கள் வீட்டில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. அப்பா ஆறுதலாகச் சொன்னதும் எனக்கும் மனசு நிம்மதியாகிவிட்டது.

அந்தப் பெண் வந்தது ஒரு பகல் வேளையில். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா வழக்கம்போல டேங்கு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் குக்கர் விசில் அடித்தது. டேங்கு சமைக்குமா என்ன. அவள் படியேறி வந்துவிட்டாள்.

என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், முதுகில் ஒரு பெரிய பை. அதற்குள் எடை மெஷின், உயரம் அளக்கிற கோல், பிரஷர் மெஷின். ஆவணி வெயிலில் மூச்சு வாங்க நின்றாள். இந்த மாநகரத்து ஜனங்களின் ஆரோக்கியத்தை அளக்கிறோம் அக்கா, கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். எனக்கோ தலைவலி மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"நான் இந்த ஊரே இல்லம்மா. எங்க ஊரு மரக்காணம். எண்ணணும்னா அங்க போய் எண்ணுங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

அவள் கோபப்படவில்லை. "நேத்து ராத்திரி எங்கக்கா தூங்கினீங்க?" என்று கேட்டாள்.

இங்கேதான் என்றேன்.

"அப்ப நீங்க இந்த வீட்டு ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

தண்ணீர் கேட்டவளை எப்படி விரட்டுவது. கொடுத்தேன். குடித்துக்கொண்டே பேசினாள். எல்லா வீட்டுக்கும் போக மாட்டார்களாம். குலுக்கிப் போட்ட மாதிரி தெருவுக்குச் சில வீடுகள்தான் விழுமாம். விழுந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் எழுதக் கூடாதாம். ஆள் இல்லை என்றால் திரும்பத் திரும்ப வர வேண்டுமாம். இப்படி மொட்டை மாடியிலும் படிக்கட்டுக்கு அடியிலும் இருக்கிறவர்கள் எல்லோரும் நாங்கள் இந்த ஊர் இல்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் இந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் மட்டும்தான் இருப்பதாகக் கணக்கு வரும், அவர்களுக்கு மட்டும்தான் ஆஸ்பத்திரி கட்டுவார்கள் என்றாள். வெயில் தலைக்கேறிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் பிடித்திருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

கேள்விகள் நீளமாகப் போயின. வீட்டில் எத்தனை பேர், என்ன அடுப்பு, கக்கூஸ் தனியா பொதுவா, கடைசியாக எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அதற்கப்புறம் கையை நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றினாள். மெஷின் உறுமி, இறுக்கி, விட்டது. எண்ணைப் பார்த்தாள். அக்கா, பேசாம கொஞ்ச நேரம் உட்காருங்க, இன்னொரு தடவை பார்க்கணும், எல்லாருக்குமே அப்படித்தான் என்றாள். மறுபடி பார்த்தாள். பட்டையைக் கழற்றி, மற்ற கையில் கட்டி, அதிலும் பார்த்தாள். அவள் கண் என் காலுக்குப் போனது.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். உப்பளத்துக் கால், எங்கள் ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அவளுக்கு உப்பளம் என்றால் என்னவென்று தெரியாது. ஈசிஆரில் பாண்டிக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் வெள்ளையாகக் குவியல் குவியலாகப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். தெரியாததனால் கேட்டாள்.

"கடைசியா எப்பக்கா அதுல எறங்கினீங்க?"

கல்யாணத்துக்கு முந்தின வைகாசி என்று சொல்லிவிட்டு, விரலை மடக்கி மாதங்களை எண்ணினேன். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஐப்பசியில் மழை பிடித்துப் பாத்தி மூழ்கியதும் வேலை நிற்கும், வேலை நின்ற கொஞ்ச நாளில் எல்லோர் காலும் வற்றிப் பழையபடி ஆகிவிடும். மழைக்காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கொலுசே போடுவார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கடந்து வந்த காலில் உப்பு எங்கே இருந்து வரும்.

தலைவலி இருக்கா, கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி இருக்கா என்று கேட்டாள். இரண்டும் இருந்தன.

அவர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது. அளப்பது மட்டும்தான் வேலை. எண் அதிகமாக இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அவளும் எழுதினாள். எழுதி என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சாயங்காலம் அவர் வந்ததும் போகிறேன் என்றேன். அவள் போனை எடுத்துத் தன் சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, எந்திரிங்கக்கா, ஆட்டோ பிடிக்கலாம் என்றாள். குக்கருக்குப் பிறகு ஏற்றியிருந்த குழம்பை இறக்கி வைத்து அடுப்பை அணைத்ததுகூட அவள்தான். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்றைக்கு மீதி வீடுகளை ஏன் விட்டாய் என்று யாராவது இப்போது அவளைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது.

அரசு ஆஸ்பத்திரியில் என்னை நிற்கவே விடவில்லை. படுக்க வைத்து ஊசி போட்டார்கள். பிரஷர் இறங்காமல் போக்குக் காட்டி, கடைசியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். டாக்டரம்மா என்னை வறுத்தெடுத்துவிட்டார். இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். அம்மாவுக்கு ஜன்னி வந்த கதையைச் சொன்னேன். அவர் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. என் தோளில் கை வைத்து, அது ஜன்னி இல்லைம்மா, இதுதான் என்றார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். எனக்காக அழவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அம்மாவுக்காக அழுதேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குத் திரும்பிய பிறகு, அந்தப் பெண் ஒருநாள் வந்தாள். பாதியில் விட்ட கேள்விகளை முடிக்க வேண்டுமாம். வந்தவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே டேப்லெட்டைத் தட்டினாள். இவளையும் சேர்த்து எழுது என்றேன். முடியாதுக்கா, முதல் நாள் கேட்டப்போ அதுக்கு முந்தின ராத்திரி இங்க தூங்கினவங்கதான் கணக்கு, இவ அப்புறம் பொறந்தவ என்றாள்.

"அன்னிக்கும் இங்கதாம்மா தூங்கினா. என் வயித்துல" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனாலும் அவள் எழுதவில்லை. விதி என்றால் விதிதான் அவளுக்கு. போகும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல வந்து, சாப்பிட்டுவிட்டுப் போயேன் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, முதல் பல் விழுந்தாலும் சரி, அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு தடவை நினைத்துக்கொள்வேன்.

கார்த்திகையில் குழந்தையோடு மரக்காணம் போனேன். டாக்டர் சொன்னதை அப்பாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சர்வே பெண் வந்து பார்த்தாள், பிரஷர், ஆபரேஷன், இப்போது நலம் என்றுதான் சொல்லியிருந்தேன். ஒண்ணும் ஆவாது என்று போனில் சொன்ன மனுஷனிடம் வேறெதைச் சொல்வது.

உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றிருந்தது. பாத்தி எது வரப்பு எது என்றே தெரியவில்லை. அப்பா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத மாதம். அவர் கால் வற்றி, தோல் உரிந்து, சாதாரணக் காலாக இருந்தது. என் காலைப் பார்த்தார்.

"வத்திப்போச்சா?" என்று கேட்டார்.

வற்றிவிட்டது என்றேன். அந்தப் பெண் என்னதான் கேட்டாள், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டார். கடைசியாக எப்போது உப்பளத்தில் இறங்கினீர்கள் என்று கேட்டாள், அவ்வளவுதான் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்புறம்தான் உறைத்தது. அப்பா குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தேங்கி நின்ற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா போனதும் இதே கார்த்திகைதான். இதே மாரி தண்ணி நின்னுச்சு. பொரட்டாசிக்கு அப்பால அவ அளத்துல எறங்கவே இல்ல. காலு மட்டும் வத்தவே இல்ல" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் குழந்தையின் பாதத்தைத் துணியால் மூடினார்.

"இது எனுக்குத் தெரிஞ்சதுதானம்மா. நம்ம வூட்டுக்கு ஒருத்தரும் வந்து கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."